வீட்டாள் என்ற சொல்

1861 பிப்ரவரி 27, ஒல்கோவ்கா

இந்த மாவட்டத்தில் கிராமம் வைத்திருக்கும் ஒவ்வொரு சீமாட்டியும் திருடி. நான் உட்பட என்று சேர்த்தால்தான் நேர்மை. சேர்த்துவிட்டேன்.

சேர்த்த பிறகு எழுந்து போய்த் தேநீர் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

இந்த நோட்டு கிளாவ்தியா அனுப்பியது. உயர்குடிப் பெண்களின் பள்ளியில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்தவள். இப்போது பீட்டர்ஸ்பர்கில் தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டு, மொழிபெயர்த்துப் பிழைக்கிறாள். பல்கலைக்கழக விரிவுரைகளுக்குப் பெண்கள் போய் உட்காருகிறார்களாம், யாரும் விரட்டுவதில்லையாம். நீ அங்கே முட்டைக்கோஸ் பீப்பாய்க்குக் காவல் இருக்கிறாயா என்று கேட்டிருக்கிறாள். காவல்தான் இருக்கிறேன். ஒரு பீப்பாய் பூசணம் பிடித்துவிட்டது.

ஒல்கோவ்கா என் கணவருடையதல்ல, என்னுடையது. சீதனமாக வந்த கிராமம் மனைவியின் பெயரிலேயே இருக்கும் என்பது நம் நாட்டுச் சட்டம். அறுபத்திரண்டு ஆன்மாக்கள். அரசாங்கக் கணக்கில் ஆன்மா என்றால் ஆண். பெண்களை எண்ணுவதில்லை. அந்த அறுபத்திரண்டு பேரையும் அவர்களுடைய எண்ணப்படாத பெண்களையும் நான் விற்கலாம், அடகு வைக்கலாம். யாரும் என் கணவரைக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நான் பீட்டர்ஸ்பர்க் போய்க் குடியிருக்க வேண்டுமென்றால் கணவர் அர்க்காதி ல்வோவிச் கையெழுத்துப் போட்ட பயணச் சீட்டு, பாஸ்போர்ட், வேண்டும். அது இல்லாமல் போனால் காவல்துறை என்னைப் பிடித்துக் கொண்டுவந்து அவரிடம் ஒப்படைக்கும். காணாமல் போன பசு மாதிரி.

அவர் பென்ஸாவில் ஆளுநர் அலுவலகத்தில் இருக்கிறார். நுரையீரல் சரியில்லை என்று சொல்லி நான் இலையுதிர் காலத்தில் இங்கே வந்தேன். நுரையீரலுக்கு ஒன்றுமில்லை.

மார்ச் 1

உல்யானா நீலக் கோப்பையை உடைத்துவிட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாததைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

மார்ச் 5, ஞாயிறு

மன்னிப்பு ஞாயிறு. நாளை நோன்பு தொடங்குகிறது. வழக்கப்படி வெண்ணெய் வழிய அப்பம் தின்றுவிட்டு எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டோம். எஜமானி வேலைக்காரியின் முன்னாலும் தலை தாழ்த்த வேண்டும். ஆண்டில் இந்த ஒரு நாள் மட்டும்.

உல்யானா என் பணிப்பெண். இருபத்திரண்டு வயது, என்னைவிட இரண்டு வயது சின்னவள். கிராமத்தோடு சேர்ந்து சீதனமாக வந்தவள். அவள் அப்பா எரெமெய் இங்கேதான் ஆற்றோர வயலில் உழுகிறார். அவரை இந்த நோட்டில் 'அவர்' என்று எழுதுகிறேன். நேரில் பேசும்போது 'நீ' என்றுதான் வாயில் வருகிறது.

உல்யானா குனிந்து, கோப்பையை உடைத்ததற்கும் உள்ளுக்குள் என்னை இரண்டு தடவை திட்டியதற்கும் மன்னிப்புக் கேட்டாள். எதற்குத் திட்டினாய் என்றேன். அது மன்னிப்புக் கேட்டாச்சு, இனிமே சொன்னா மறுபடி கேக்கணும் என்றாள். நான் குனிந்து, "என்னை மன்னித்துவிடு" என்றேன். அவள், "கடவுள் மன்னிப்பார்" என்றாள். எல்லோரும் சொல்கிற பதில் அது. எதற்காக என்று சொல்லாமலே மன்னிப்புக் கேட்கலாம் என்பது இந்த வழக்கத்தில் உள்ள வசதி.

மார்ச் 19, ஞாயிறு

வந்துவிட்டது. ஜாரின் பிரகடனத்தைப் பாதிரியார் கோயிலில் படித்தார். முக்கால் மணி நேரம். மூச்சு விடாமல் ஓதுகிற ஜெபம் மாதிரி நீளமான வாக்கியங்கள். யாருக்கும் புரியவில்லை. முடிந்ததும் பின்னால் ஒரு கிழவர், "அப்போ நாளைக்கு வேலைக்கு வரணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

நான் மத்தியானம் பூரா சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். உழவர் என்று பதிவானவர்களுக்கு நிலம் உண்டு. ஆண்டாண்டுக்குத் தவணை கட்டித் தீர்க்க வேண்டும், ஆனாலும் நிலம். வீட்டாள் என்று பதிவானவர்களுக்கு, சமையல்காரன், வண்டிக்காரன், பணிப்பெண் இவர்களுக்கு, நிலம் கிடையாது. இன்னும் இரண்டு ஆண்டு சேவகம் செய்துவிட்டு வெறுங்கையோடு போகலாம்.

மாலை நாலு மணிக்கு எரெமெய் படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்றார். தொப்பி கையில். பனி உருகிய சேற்றில் கால் புதைந்திருந்தது. நாங்க உழவாளுங்கதானே சின்ன எஜமானியம்மா, எல்லாரும் என்னென்னமோ சொல்றாங்க என்றார். எல்லாம் முறைப்படி நடக்கும், வீட்டுக்குப் போ என்றேன். அவர் திருப்தியாகப் போனார்.

அவர் குடும்பம் பட்டியலில் வீட்டாட்கள் என்று இருக்கிறது. மூன்றாண்டுக்கு முன் எடுத்த குடிக்கணக்குப் பட்டியல் அது. அந்தக் காலத்துக் காகிதமெல்லாம் அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மா இறந்து இரண்டு ஆண்டாகிறது.

மார்ச் 28

அர்க்காதியின் கடிதம். யாருக்கும் எதையும் வாக்குக் கொடுக்காதே என்கிறார். "அந்த ஆறு பேரை அன்றைக்கே வீட்டாட்கள் பத்தியில் எழுதியது உன் புத்திசாலித்தனம்" என்று ஒரு வரி.

முன்பு எழுதியதைத் திருத்த வேண்டும். பட்டியலை எழுதியது நான். அம்மா பக்கத்தில் இருந்தாள்.

மே 10

உழவு. ஆற்றோர வயலில் எரெமெய் ஓட்ஸ் விதைக்கிறார். அந்த வயல் அவருடைய தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தின் பங்கு. எங்கள் புல்வெளிக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருக்கிறது. கருமண். அதில் பிழைக்கிறவர்கள்: எரெமெய், அவர் மனைவி பேக்லா, போன வருஷம் காய்ச்சலில் செத்த மகனின் விதவை, அவள் பெற்ற ஒரு பையன், பட்டியலுக்குப் பிறகு பிறந்த ஒரு பெண், பிறகு உல்யானாவின் பங்கு. பட்டியல் எழுதிய அன்றைக்கு மூன்று ஆன்மா, ஆறு வயிறு.

துணி மடிக்கும்போது உல்யானா வாய் ஓயாமல் பேசினாள். இரண்டு ஆண்டு முடிந்ததும் முதல் வேலை, சூரியன் முதுகைச் சுடும் வரை தூங்குவதாம். எங்கே தூங்குவாய் என்றேன்.

"எங்க வைக்கோல்லதான். எங்க வயல்ல அறுத்த வைக்கோல். உங்க இறகு மெத்தையில படுத்தா முதுகு வலிக்குது. நீங்க இல்லாதப்ப படுத்துப் பார்த்தேன். இதுக்கும் சேர்த்து அடுத்த வருஷம் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

சிரித்தேன். பாஸ்போர்ட் பற்றி அவளிடம் புலம்பினேன். ஓர் ஆண் கையெழுத்துப் போடாமல் வண்டி ஏற முடியாத பிழைப்பு என்ன பிழைப்பு என்றேன். அவள் போர்வையின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றாள்.

"நீங்க ஐயாகிட்ட சீட்டு கேக்கறீங்க. நான் பக்கத்து ஊருக்குப் போகணும்னா உங்ககிட்ட சீட்டு கேக்கறேன். உங்களுக்கு ஐயா ஒருத்தர்தான்மா. எனக்கு ஐயாவும் உண்டு, நீங்களும் உண்டு. இழுத்துப் பிடிங்க, சுருக்கம் விழுது."

ஜூன் 11

அர்க்காதி வந்திருக்கிறார். மூன்று நாள் தங்குவார். அவர் கெட்டவரல்ல என்பதை எழுதி வைக்க வேண்டும். கை ஓங்கியதில்லை. குடிப்பதில்லை. என் அறைக்கு வருமுன் கதவைத் தட்டுகிறார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபம்.

தோட்டத்தில் நடந்தபடி பேசினார். ஒரு வருஷத்துக்குப் பாஸ்போர்ட் தருகிறேன் என்றார். பிறகு நிபந்தனை வந்தது. கிராமம் குறைவில்லாமல் நிற்க வேண்டும். சட்டம் என்ன கொடுக்கச் சொல்கிறதோ அதற்கு மேல் ஓர் அடிகூடப் போகக் கூடாது.

"அந்தக் கிழவன் வயலைப் பத்திச் சொல்றேன், சினா. அவனுக்குக் கொடுத்தா நாளைக்குச் சமையல்காரன் கேப்பான், அதுக்கு மறுநாள் வண்டிக்காரன் கேப்பான். நீ பீட்டர்ஸ்பர்க்ல உக்காந்து தத்துவம் படி. வேண்டாம்னு நான் சொல்லலை. ஆனா என்னைக்கு நீ அந்த வயலைக் கொடுக்கறியோ அன்னைக்கு நான் ஒரு வரி எழுதுவேன், நீ திரும்பி வருவே. இதுல கோபப்பட ஒண்ணுமில்லை."

நான் கோபப்படவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ரோஜாச் செடியில் பேன் பிடித்திருப்பதைக் காட்டினார். சாம்பல் தூவச் சொன்னார்.

ஜூன் 12

சாம்பல் தூவினோம்.

ஜூலை 2

சமாதான நடுவர் வந்து போனார். நல்ல வெயில். நாற்பது வெள்ளரிக்காய் உப்பில் போட்டோம்.

ஜூலை 6

நான்கு நாளாக வெள்ளரிக்காயோடு நிறுத்தி வைத்திருக்கிறேன். யாருக்காக இந்த நோட்டு? எனக்கே பொய் சொல்ல எதற்குக் காகிதம்?

நடந்தது இது. சமாதான நடுவர் என்பது புதிய பதவி. எஜமானர்களுக்கும் உழவர்களுக்கும் நிலம் பிரித்துப் பத்திரம் எழுத அரசாங்கம் ஏற்படுத்தியது. எங்கள் பகுதிக்கு ஸ்தெபான் இல்யிச். முப்பது வயது இருக்கும். அவரும் நிலக்காரர், ஆனால் தன் ஆட்களுக்குச் சட்டம் சொன்னதைவிடக் கூடவே கொடுத்தவர் என்று பெயர். முற்றத்தில் மேஜை போட்டோம். ஆண்கள் எல்லோரும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்கள். பெண்கள் வேலிக்கு அப்பால். உல்யானா எனக்குப் பின்னால், தேநீர்த் தட்டோடு.

அவர் பட்டியலை எடுத்தார். என் கையெழுத்தைக் காட்டி என்னுடையதுதானா என்றார். ஆம் என்றேன். எரெமெய்யின் குடும்பத்தை விரலால் தொட்டு நிறுத்தினார்.

"சினயீதா பாவ்லொவ்னா, இவங்க வீட்டாட்கள்னு இருக்கு. ஆனா இந்தக் கிழவர் வயல் உழறதை வர்ற வழியில நானே பார்த்தேன். பட்டியல் எழுதறதுக்கு முன்னாலயே தன் பங்கா உழுதுகிட்டிருந்தார்னா உழவர்னு மாத்தி எழுத எனக்கு இடமிருக்கு. நீங்க வாயால சொன்னாப் போதும்."

அவர் நான் ஆம் என்று சொல்ல விரும்பினார். அது முகத்திலேயே தெரிந்தது. பேனாவை மையில் தோய்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அறுபது பேருக்கு உண்மை தெரியும். அறுபது பேரும் முற்றத்தில் நின்றார்கள். ஆனால் கேள்வி எனக்கு மட்டும்தான். சீமாட்டியின் சொல்லுக்கு எதிராக உழவனின் சொல் எங்கள் நாட்டில் சொல்லே அல்ல.

"அது பண்ணை நிலம்" என்றேன். "பழக்கத்தில் உழுகிறார்."

'உழுகிறார்' என்றேன். மரியாதையாக. எனக்கே அந்த 'ஆர்' கேட்டது.

ஸ்தெபான் இல்யிச் நான் சொன்னதை அப்படியே எழுதினார். எரெமெய்யிடம், நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். கிழவர் என் பக்கம் பார்க்கவில்லை. மேஜைக் காலைப் பார்த்தார்.

"எஜமானியம்மாவுக்கு மறந்திருக்கும்" என்றார். "நிறைய வேலை அவங்களுக்கு."

என்னைக் காப்பாற்றினார். எல்லோர் முன்னாலும் நான் பொய் சொன்னேன், அவர் அதை மறதி ஆக்கினார்.

கிளம்பும்போது நடுவர் என்னிடம் தனியாகச் சொன்னார்: கோப்பு அக்டோபர் பத்து வரை அவர் கையில் இருக்கும். அதற்குள் நினைவு வந்தால் ஒரே ஒரு வரி எழுதி அனுப்பினால் திருத்திவிடலாம். அதற்குப் பிறகு மாகாண அலுவலகத்துக்குப் போய்விடும், பிறகு யாராலும் முடியாது.

தட்டில் தேநீர் ஆறிப்போயிருந்தது. உல்யானா அதைக் கொண்டுபோய்ச் செடியில் கொட்டினாள்.

ஜூலை 7

பட்டியலில் அவர்களை ஏன் அப்படி எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. உல்யானாவைப் பென்ஸாவுக்குக் கூட்டிப் போக ஆசை. உழவன் மகளாக இருந்தால் ஊரில் யாராவது பையனுக்குக் கட்டிக்கொடு என்று கேட்டுக்கொண்டு வருவார்கள், என்னிடமிருந்து போய்விடுவாள். வீட்டாளாக இருந்தால் போக மாட்டாள். அவளை மட்டும் பிரித்து எழுதினால் அவள் அம்மா அழுவாள் என்று குடும்பத்தையே எழுதினேன். அன்பினால்தான்.

எரெமெய்யைக் கூப்பிட்டு, தாளில் ஒரு சொல்தான், வயலை யாரும் தொட மாட்டார்கள் என்று சொன்னேன். என் கை விளிம்பில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜூலை 15

பாஸ்போர்ட் வந்தது. முத்திரை கோணலாக விழுந்திருக்கிறது.

ஆகஸ்ட் 29

நாளை கிளம்புகிறோம். பெட்டி கட்டியது உல்யானா. சட்டப்படி இன்னும் ஒன்றரை வருஷம் அவள் என் ஆள். இப்போதே விடுவித்துவிடலாம், ஒரு கையெழுத்துதான். ஆனால் பீட்டர்ஸ்பர்கில் எனக்கு யாரையும் தெரியாது.

அவள் அப்பாவிடம் விடைபெறப் போய்விட்டு ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். கண் சிவக்கவில்லை. ஜூலையிலிருந்து அவள் என்னிடம் வேடிக்கையாக எதுவும் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். நான் அதைப் பயணக் கவலை என்று எடுத்துக்கொள்கிறேன்.

செப்டம்பர் 10, பீட்டர்ஸ்பர்க்

வசீலியெவ்ஸ்கி தீவில் இரண்டு சிறிய அறை. ஜன்னலைத் திறந்தால் பின்முற்றம், விறகு அடுக்கு, விறகைக் காக்கும் வாசல்காரன் நிக்கீதா. தலைமுடியைக் கத்தரித்துக்கொண்டேன். உல்யானா கத்தரித்தாள். விழுந்த முடியைக் கூட்டி என்ன செய்வது என்று கேட்டாள்.

கிளாவ்தியாவின் தோழிகள் ஐந்தாறு பேர் மாலை வந்தார்கள். தளபதியின் மகள் ஒருத்தி, கணவனை விட்டு வந்தவள் ஒருத்தி. எல்லோரும் கறுப்பு உடை. பெண்ணைச் சொத்தாக நடத்தும் சமூகத்தைப் பற்றி மூன்று மணி நேரம் பேசினோம். நான் நன்றாகப் பேசினேன் என்று சொன்னார்கள். பசு உவமையைச் சொன்னேன், கைதட்டினார்கள். நடுவில் கிளாவ்தியாவுக்குச் சட்டென்று வெட்கம் வந்து, நீயும் எங்களோடு உட்கார் என்று உல்யானாவிடம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நான் உக்காந்தா சமோவார யாரு கொண்டு வர்றது?" என்றாள் உல்யானா.

எல்லோரும் சிரித்தார்கள். என்ன கூர்மை, மக்களின் அறிவு பாருங்கள் என்றாள் தளபதி மகள். உல்யானா நின்றாள். தேநீர் கொதிக்கும் சமோவாரை அவளே கொண்டுவந்தாள்.

செப்டம்பர் 18

பல்கலைக்கழகத்துக்குப் போனேன். புதிய விதிகளாம். மாணவர் சீட்டு இல்லாதவர்கள் உள்ளே போகக் கூடாது. பெண்களுக்குச் சீட்டு இல்லை. வாயிற்காவலன் என் தலைமுடியைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போங்கம்மா என்றான்.

செப்டம்பர் 22

மழை. ஜன்னல் சந்துகளில் பஞ்சு அடைத்தோம்.

செப்டம்பர் 23

எரெமெய்யிடமிருந்து மகளுக்குக் கடிதம். ஊர்க் கோயிலில் இருப்பவரிடம் சொல்லி எழுதியது. உல்யானாவுக்குப் படிக்கத் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

படித்தேன். எல்லோருக்கும் பெயர் பெயராக வணக்கம். பசு கன்று போட்டது. அம்மாவுக்குக் கால் வீக்கம். நடுவில் நாலு வரி. பண்ணைக் காரியஸ்தர் குளிர்கால ரைத் தானியம் விதைக்க விடவில்லை, வயலைச் சுற்றி முளை அடித்துவிட்டார். வசந்தத்துக்குள் வீட்டையும் காலி செய்யச் சொல்கிறார். நடுவர் வந்தபோது கேட்டேன், அக்டோபர் பத்துக்குள் எஜமானி ஒரு வரி எழுதினால் வயல் நிற்கும் என்றார். மகளே, சமயம் பார்த்துக் கேள், கோபப்படுத்தாதே.

அந்த நாலு வரியை நான் படிக்கவில்லை. பசுவிலிருந்து கால் வீக்கத்துக்கும், கால் வீக்கத்திலிருந்து கடைசி வணக்கத்துக்கும் போனேன். குரல் தடுமாறவில்லை. தாள் இவ்வளவு நீளமா இருக்கே என்றாள். எழுத்து பெரிது என்றேன்.

கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 25

பல்கலைக்கழகத்தையே மூடிவிட்டார்கள். மாணவர்கள் ஆற்றைத் தாண்டி ஊர்வலமாகப் போனார்கள். குதிரைப்படை நின்றது. கிளாவ்தியாவோடு நானும் கொஞ்ச தூரம் போனேன். ஷூ கிழிந்துவிட்டது. நான் ஒரு விரிவுரைகூடக் கேட்கவில்லை. ஒன்றுகூட இல்லை.

ஆனாலும் பென்ஸாவுக்குத் திரும்ப முடியாது. அந்த வீட்டில் கடிகாரம் அடிக்கும் சத்தத்தை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. இங்கே குறைந்தபட்சம் நான் எப்போது வெளியே போகிறேன் என்று யாரும் கேட்பதில்லை.

செப்டம்பர் 27

உல்யானா இன்று காலை ஷூவைத் தைக்கக் கொடுத்துவிட்டு வந்தாள். என் முன்னால் நின்று, வாசல்காரன் நிக்கீதாவுக்குப் படிக்கத் தெரியும் என்றாள். பட்டாளத்தில் கற்றுக்கொண்டானாம்.

"எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிச்சான். ரொம்ப நேரம் ஆச்சு. ஆனா ஒரு வரி விடலை."

மன்னித்துவிடு உல்யானா என்றேன். எழுந்து நின்று சொன்னேன். நடிப்பில்லை. அவள் குனிந்து அடுப்பில் விறகு போட்டாள். நான் விளக்கப் பார்த்தேன். அர்க்காதி சொன்னதை, பாஸ்போர்ட்டை, ஒரு வரி எழுதினால் காவல்துறை வாசலில் வந்து நிற்கும் என்பதை எல்லாம் சொன்னேன். உனக்கு நான் இப்போதே விடுதலை எழுதித் தருகிறேன் என்றேன். கம்பளி மேலாடையையும் தருகிறேன் என்றேன். அதை எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, ஆனால் சொன்னேன்.

"நீங்க திரும்பிப் போனா உங்களுக்கு வீடு இருக்கும்மா" என்றாள். "பதினாலு ரூம். நான் பெருக்கியிருக்கேன்."

செப்டம்பர் 28, வியாழன், காலை

மேஜையைத் துடைத்து வெற்றுத்தாள் வைத்திருக்கிறாள். மைக்கூடு, சீவிய பேனா, உறை எல்லாம் எடுத்து வைத்திருக்கிறாள். தலையில் முக்காடு, காலில் ஷூ. பென்ஸா தபால் இன்று மத்தியானம் போகிறது. போனால் பத்தாம் தேதிக்குள் சேரும். அடுத்ததில் போட்டால் சேராது. இதையெல்லாம் அவளே தபால் நிலையத்தில் விசாரித்து வந்திருக்கிறாள்.

எழுதுங்க என்றாள். அவ்வளவுதான்.

உட்கார்ந்தேன். தாளுக்கு அடியில் இந்த நோட்டு இருந்தது. அதைத்தான் திறந்தேன். கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேனா நகர்வது தெரிகிறது அவளுக்கு. கடிதம் எழுதுகிறேன் என்று நினைக்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இதையாவது முழுதாக எழுதுகிறேன். பட்டியலில் நான் போட்ட தேதி 1858 பிப்ரவரி 20. அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்பே, உழவர்களை விடுவிப்பது பற்றி ஜார் கட்டளை போட்டது பத்திரிகையில் வந்துவிட்டது. நான் படித்தேன். அர்க்காதி சத்தமாகவே படித்துக் காட்டினார். வீட்டாளுக்கு நிலம் இருக்காது என்று அப்போதே எல்லா நிலக்காரர் வீட்டிலும் பேச்சு. உழவனை இனி வீட்டாள் என்று மாற்றக் கூடாது என்று பத்து நாள் கழித்துத் தடை வந்தது. வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும். அதற்காகத்தான் அவசரம். உல்யானாவின் மேல் அன்பு என்பதும் பொய்யில்லை. ஆனால் பேனாவை எடுத்தபோது நான் நினைத்தது அவளை அல்ல. ஆற்றோரக் கருமண் கிராமத்தோடு சேர்ந்திருந்தால் ஒல்கோவ்கா நல்ல விலை போகும், ஒருநாள் இவரை விட்டுப் போக எனக்கு அது உதவும் என்று நினைத்தேன். கல்யாணமாகி நான்கு மாதம் அப்போது. அம்மா பக்கத்தில் இல்லை. அம்மா அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

அன்பினால் என்று போன ஜூலையில் எழுதினேன். அதை அடிக்கவில்லை. இருக்கட்டும்.

ஒரு வரிதான். 'ஆற்றோர வயல் எரெமெய்யின் பங்கு, பட்டியலுக்கு முன்பிருந்தே.' இதோ, எழுதத் தெரிகிறது. இதே கையால் பக்கத்தில் இருக்கும் தாளில் எழுத வேண்டும். தாள் வெள்ளையாக இருக்கிறது. கிளாவ்தியா சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள், மருத்துவக் கல்விக்கூடத்தில் யாரோ பெண்களைச் சேர்க்கப் பார்க்கிறார்களாம். அதற்கு நான் இங்கே இருக்க வேண்டும். எரெமெய்க்கு வேறு எங்காவது கொஞ்சம் நிலம் பின்னால் வாங்கித் தரலாம். பின்னால். நான் படித்து முடித்த பிறகு. அப்படிச் செய்யலாம்.

கதவிலிருந்து மேஜை வரை வந்துவிட்டாள். உறையை எடுத்துத் திறந்து பிடித்திருக்கிறாள்.

"இவ்ளோ எழுதிட்டீங்களே, ஒரு வரிதானே கேட்டார்" என்கிறாள். "முடிஞ்சுதா? நிக்கீதாகிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை படிச்சுக் காட்டுங்கம்மா. முதல்லேருந்து. ஒரு வரி விடாம."